டீச்சர் மாறினாலும் வேலை நிற்கக் கூடாது: பள்ளியில் பிறந்த யோசனையை அரசு வரைக்கும் கொண்டுபோக ஒரு கையேடு

திருவண்ணாமலை மாவட்டத்தில் வட்டார வள மையம் ஒன்றில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளி பள்ளியாகப் போய் வகுப்பைப் பார்ப்பதும், பார்த்ததை எழுதிக் கொடுப்பதும்தான் வேலை. போன இடங்களில் நல்ல யோசனைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஏதோ ஒரு ஈராசிரியர் பள்ளியில், யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல் ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டிருப்பார். மே மாதம் கலந்தாய்வு வரும், அவருக்கு மாறுதல் கிடைக்கும். பள்ளி திறந்த பிறகு போய்ப் பார்த்தால் அந்த வேலை நடந்த சுவடுகூட இருக்காது. புதிதாக வந்தவரைக் குறை சொல்ல முடியாது. அப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது.

அதனால் புதுமையாக யோசிப்பது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. யோசனை உங்களுக்கே வரும். செய்ததை நிற்க வைப்பது, பக்கத்துப் பள்ளிக்குப் போக வைப்பது, முடிந்தால் அரசு நடைமுறையில் ஏற்றுவது, இதற்குத்தான் வழி சொல்கிறேன். ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் எழுதுகிறேன். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கும் முன்னாள் மாணவர்களும் படிக்கலாம்.

சூளைத் தாள்

எடுத்துக்காட்டு ஒன்று இல்லாமல் பேசினால் எல்லாம் உபதேசமாகிவிடும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. பொங்கல் முடிந்தால் அந்த ஊரில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள், பெரும்பாலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம். சிலர் கரும்பு வெட்டுக்கு. மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புவார்கள். டிசம்பரில் வாக்கியம் வாக்கியமாகப் படித்த பிள்ளை ஜூனில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பள்ளி டீச்சர் செய்தது ரொம்பச் சின்ன வேலை. பிள்ளை கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு தாள் எழுதினார். பெயர், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் பிள்ளைக்குள்ள எண்), தமிழில் எதுவரை படிக்கிறது, கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் நிற்கிறது, எதைக் கொடுத்தால் ஆசையாக உட்காரும், டீச்சருடைய செல் நம்பர். அவ்வளவுதான். பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மாவின் கையில் கொடுத்தார். "சூளைக்குப் பக்கத்துல எந்த கவர்மெண்ட் ஸ்கூல் இருந்தாலும் இதைக் காட்டும்மா" என்றார். ஊரில் அதற்குச் சூளைத் தாள் என்றே பேர் வந்துவிட்டது.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும் என்கிறது. சான்றிதழ் வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கவும் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது 4-வது பிரிவு. வழி ஏற்கெனவே இருந்தது. அந்த வழியில் போகும் பிள்ளையின் கையில் ஒரு தாள் இல்லை, அதைத்தான் டீச்சர் கொடுத்தார். உங்கள் யோசனையையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: ஏற்கெனவே இருக்கும் விதிக்குள் நாளைக்கே தொடங்க முடியுமா? முடியாது, அனுமதி வேண்டும், கட்டடம் வேண்டும், ஆள் வேண்டும் என்றால் அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அதற்குள் இருக்கும் சின்ன வேலையைத் தேடுங்கள்.

பிரச்சினையை ஒரே வரியில் எழுதிப் பழகுங்கள். அந்த வரியில் ஒரு எண்ணும் ஒரு மாதமும் இருக்க வேண்டும். 'கல்வித் தரத்தை மேம்படுத்துதல்' என்று எழுதினால் எந்த அலுவலகத்திலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'ஜனவரியில் எங்கள் பள்ளியிலிருந்து இத்தனை பிள்ளைகள் வெளியூர் போகிறார்கள், ஜூனில் இத்தனை பேர்தான் திரும்பி வருகிறார்கள்' என்று எழுதினால் படிப்பவர் அடுத்த கேள்வி கேட்பார்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். வேலை நன்றாக நடந்த பிறகு, 'பிள்ளைகள் ரொம்ப மாறிட்டாங்க சார்' என்பார்கள். எங்கிருந்து மாறினார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். படிப்பைப் பற்றிய வேலை என்றால், இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என்று நாலு கட்டம். எதுவரை போகிறதோ அதில் ஒரு டிக். பிரதம் அமைப்பு 2005-லிருந்து நடத்தும் அசர் ஆய்வும் ஏறக்குறைய இப்படித்தான் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய்ப் பார்க்கிறது. தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெற்றோர் ஒருவரையும் கூட உட்காரவைத்து அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். பின்னால் 'டீச்சரே போட்டுக்கிட்ட மார்க்' என்று யாரும் சொல்ல முடியாது. அதோடு, தன் பிள்ளை அஞ்சாம் வகுப்பில் எழுத்துக் கூட்டுவதை நேரில் பார்த்த அம்மா அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடாமலே வருவார்.

கணக்கு எதற்கு உதவும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. அப்புறம் இன்னும் நாலு பள்ளிகளுக்குப் போனது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23-ல் 811 ஆக இருந்த பிள்ளைகள் எண்ணிக்கை 1924-25-ல் 1,671 ஆனது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று அன்றைய அரசு சொன்னதால் 1925 ஏப்ரலில் திட்டம் நின்றுபோனது. விடாமல் கேட்டார்கள், 1927-ல் மறுபடி தொடங்கியது. சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்பது எந்த ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் திரும்பக் கேட்கப் போகிறவர் கையில் 811-ம் 1,671-ம் இருந்தால் பேச்சின் எடையே வேறு. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது அந்த ஒரு பள்ளிதான்.

தீர்மான நோட்டு

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். உங்கள் யோசனை உங்கள் பெயரில் இருக்கும்வரை அது உங்களோடு பஸ் ஏறிப் போய்விடும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக மாறினால் பள்ளியிலேயே இருக்கும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி இந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது எல்லாம் இவர்கள் வேலை. 22-வது பிரிவு, அந்த வளர்ச்சித் திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் அரசு நிதி திட்டமிடப்படும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்களைப் புதிதாகக் கட்டியபோது பெற்றோரில் ஒரு பெண்ணே தலைவர் என்று வந்தது. 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள்.

நடைமுறை என்னவென்றால், பல இடங்களில் கூட்டம் டீயோடும் வருகைக் கையெழுத்தோடும் முடியும். தீர்மானத்தை எச்.எம். பிறகு எழுதிக்கொள்வார். இதை மாற்றச் சண்டை போடத் தேவையில்லை. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், எழுதிய தீர்மானத்தை ஒரு துண்டுத் தாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். எழுதும் வேலை மிச்சமானால் எந்த எச்.எம்.மும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நான் பார்த்த நல்ல தீர்மானம் ஒன்று ஏறக்குறைய இப்படி இருந்தது:

"பொங்கலுக்குப் பின் வேலைக்காக வெளியூர் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கற்றல் நிலைத் தாள் வழங்குவது என்றும், தாள் எழுதுவது வகுப்பாசிரியர் பொறுப்பு என்றும், கிளம்பும் குடும்பங்களின் பட்டியலை டிசம்பர் கூட்டத்தில் தருவது பெற்றோர் உறுப்பினர் இருவரின் பொறுப்பு என்றும், நகல் மற்றும் உறைச் செலவு ஆண்டுக்கு 300 ரூபாய்க்கு மிகாமல் பள்ளி மானியத்திலிருந்து செய்யலாம் என்றும், திரும்பி வந்த பிள்ளைகளின் விவரம் ஜூலைக் கூட்டத்தில் வைக்கப்படும் என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

யார், எப்போது, எவ்வளவு, எந்தக் கூட்டத்தில் கணக்குக் காட்டுவது, நான்கும் அதில் இருக்கின்றன. வகுப்பாசிரியர் என்று இருக்கிறதே தவிர டீச்சரின் பெயர் இல்லை, கவனியுங்கள். செலவுக்கு ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள். 1920 தீர்மானத்திலும் அது உண்டு: ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது. வரம்பு இருந்தால் கையெழுத்துப் போடுபவருக்குப் பயம் குறையும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி 31 முதல் 100 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் மானியம். சாக்பீஸ் முதல் கழிவறை பராமரிப்பு வரை அதிலேதான். அதனால் நீங்கள் கேட்கும் தொகை மூன்று இலக்கத்தில் இருப்பது நல்லது.

தீர்மானத்தோடு ஒரு கோப்பும் வேண்டும். உள்ளே பிரச்சினையின் அந்த ஒரு வரி, முதல் கணக்கு, தாளின் வெற்றுப் படிவம், எழுதி முடித்த மாதிரி ஒன்று, தீர்மான நகல். ஒரு நகல் எச்.எம். மேசையில், ஒன்று குழுத் தலைவி வீட்டில், ஒன்று வட்டார வள மையத்தில். பென் டிரைவ், வாட்ஸ்அப் குரூப் எல்லாம் இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புதிதாக வரும் ஆசிரியர் பீரோவைத்தான் முதலில் திறப்பார்.

பக்கத்துப் பள்ளிக்கு

ஒரு பள்ளியில் நடந்தால் அதற்குக் காரணம் அந்த டீச்சர் என்பார்கள். அதில் உண்மையும் உண்டு. மூன்று பள்ளிகளில் நடந்தால் வேறு பேச்சு. குறுவள மையக் கூட்டத்தில், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டத்தில், பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பிபிடி வேண்டாம், படிவத்தின் நகல்களை எடுத்துப்போய்க் கையில் கொடுங்கள்.

கொடுத்த பிறகு அவர்கள் மாற்றுவார்கள், மாற்றட்டும். சூளைத் தாளுக்கு உண்மையான உருவம் வந்ததே அப்படித்தான். சூளைப் பக்கம் இருந்த ஒரு பள்ளியின் எச்.எம். போனில் சொன்னார்: "டீச்சர், நீங்க எழுதுற மார்க்கெல்லாம் எனக்கு வேணாம். எமிஸ் நம்பரைப் பெரிசா எழுதுங்க, அங்கே பொதுத் தொகுப்புக்கு விட்டுட்டேன்னு ஒரு வரி எழுதுங்க. அது இல்லாம நான் இங்க பிள்ளையை ஏத்த முடியல." பழைய பள்ளி எமிஸில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடாவிட்டால் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியாது. வகுப்பில் உட்கார இடம் கிடைத்தாலும் பதிவேட்டில் இடம் கிடைக்காது. இது மலை அடிவாரத்தில் உட்கார்ந்து யோசித்தால் வராது. தாளை வாங்குபவர் சொன்னால்தான் தெரியும். ஆகவே நகல் கொடுக்கும்போதே 'இதில் எது உங்களுக்குப் பயன்படவில்லை?' என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், அதாவது டயட், இந்தக் கட்டத்தில்தான் பயன்படும். அங்கே விரிவுரையாளர்கள் செயலாராய்ச்சி செய்வதுண்டு, தலைப்புத் தேடிக்கொண்டும் இருப்பார்கள். உங்கள் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால், தாள் கொடுத்த பள்ளியையும் கொடுக்காத பள்ளியையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களால் முடியும்.

அலுவலகத்துக்குக் கருத்துரு

கருத்துரு என்றால் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கும் முன்மொழிவு. ஒரே பக்கம். மேலே பொருள், அடுத்து பார்வை. பார்வையில் தீர்மானத்தின் தேதியும் எண்ணும் வர வேண்டும். பிறகு பிரச்சினை ஒரு பத்தி, செய்தது ஒரு பத்தி, கணக்கு நாலு வரி. கடைசியில் என்ன கேட்கிறீர்கள் என்பது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று பணமாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. யாரால் என்ன முடியும் என்று தெரிந்து கேட்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் தன் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு எழுதச் சொல்லலாம். முதன்மைக் கல்வி அலுவலர் செயல்முறைகள் ஒன்று, அதாவது அலுவலக உத்தரவு, வெளியிட்டால் மாவட்டம் முழுக்கப் போகும். அரசாணை சென்னையில் தலைமைச் செயலகத்திலிருந்து வருவது, அது வேறு உலகம். நம்மில் பலர் நேராக முதலமைச்சருக்கு எழுதுகிறோம். அந்தக் கடிதம் சுற்றிச் சுற்றி, 'உரிய நடவடிக்கைக்காக' என்று அதே வட்டாரக் கல்வி அலுவலரின் மேசைக்கே வந்து சேரும், அதுவும் அவர் எரிச்சலோடு பிரிக்கும் உறையாக.

கருத்துருவில் ஆசிரியர் கையெழுத்தைவிடக் குழுத் தலைவியின் கையெழுத்து நல்லது. ஆசிரியர் 1973 அரசுப் பணியாளர் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர், மேலே எழுதுவதென்றால் 'தக்க வழியில்' போக வேண்டும். பெற்றோருக்கு அந்தக் கட்டு இல்லை. ஒரு தலைவி, வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவர், அலுவலரிடம் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "ஐயா, எங்களுக்குக் காசு வேணாம். சூளை இருக்கிற பக்கத்து ஸ்கூலுக்கெல்லாம் இந்தத் தாளை வாங்கிக்கங்கன்னு ஒரு லெட்டர் போட்டா போதும்." அலுவலருக்கு அதை மறுக்கக் காரணமே கிடைக்கவில்லை.

கிராம சபைத் தீர்மானமும் கூட இருந்தால் சேர்த்து வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கூடுகிறது. சூளை விஷயத்துக்கு நவம்பர் 1 சரியான நாள், அப்போது எல்லோரும் ஊரில் இருப்பார்கள். ஜனவரி 26-க்கு வைத்தால் பேச வேண்டியவர்கள் சூளையில் இருப்பார்கள்.

பதில் வராவிட்டால்? இரண்டு மாதம் பொறுங்கள், நேரில் ஒரு தடவை போங்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்காதீர்கள், காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்று திருப்பிவிடுவார்கள். 'எங்கள் கருத்துரு தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். பல நேரம் அந்தக் கேள்வி போன பிறகுதான் கோப்பே தொடங்கப்படும். இதையும் பெற்றோர் செய்யட்டும், ஆசிரியர் ஒதுங்கி இருப்பது நல்லது.

பெரிதாகும்போது

கேட்டது கிடைத்து, ஆயிரம் பள்ளிகளுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். செயல்வழிக் கற்றல் தெரியும் அல்லவா, பிள்ளை அட்டைகளை வைத்துத் தன் வேகத்தில் படித்துக்கொண்டே போகும் முறை? ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலியில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் சின்னக் கிராமப் பள்ளிகளுக்காகப் பாட அட்டைகளையும், எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று காட்டும் ஏணியையும் உருவாக்கினார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிவைத்தார். ஆசிரியர்கள் ரிஷி வேலிக்கே போய்ப் பார்த்து, தங்கள் பாடத்துக்கு அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்ததும், ஆசிரியர் பாயில் உட்கார்ந்ததும் அதனால்தான். அந்த மாற்றத்தை நான் இன்றைக்கும் பெரிதாகவே நினைக்கிறேன்.

ஆனால் முதல் ஆசிரியர்கள் அட்டை எழுதினார்கள், பின்னால் வந்தவர்களுக்கு அட்டை லாரியில் வந்தது. ஏன் இந்த அட்டைக்குப் பிறகு அந்த அட்டை என்று கேட்டால், நான் போன பல வகுப்புகளில் 'ஏணியில் அப்படித்தான் இருக்கு' என்பதே பதில். உங்கள் படிவம் அச்சாகி வரும் நாளில் இதுதான் நடக்கும். அதனால் படிவத்தின் பின்பக்கத்தில் மூன்று வரி அச்சிடச் சொல்லிக் கேளுங்கள்: இது யாருக்காக, யார் படிப்பார், எதை உங்கள் ஊருக்கேற்ப மாற்றலாம். இரண்டு வரிசை காலியாகவும் விடச் சொல்லுங்கள். பெயர் யாருடையது என்று மல்லுக்கு நிற்காதீர்கள், மேலே போகும் எதற்கும் புதுப் பெயர் வைப்பார்கள். நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பம் போடுவது தப்பில்லை, ஆனால் விருதுக்காகச் சேர்க்கும் போட்டோ ஆல்பமும் நான் மேலே சொன்ன கோப்பும் வேறு வேறு. ஆல்பத்தை வைத்து யாரும் எதையும் திரும்பச் செய்ய முடியாது.

மற்ற பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க உங்களைக் கூப்பிடுவார்கள். போங்கள். எழுதி முடித்த தாள்களில் பெயரை மறைத்து நாலைந்து எடுத்துப்போங்கள், தலைவியையும் கூட அழைத்துப்போங்கள். பேச்சைக் குறைத்து, ஆளுக்கு ஒரு தாள் எழுதவைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் அந்த நாளைப் பணி நாளாகக் கருதும் ஆணையை எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தையை நம்பிப் போனால் தற்செயல் விடுப்பில் கழியும். பஸ் டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள். பயணப்படி வரும், மெதுவாக வரும். தலைவிக்கு அதுவும் இல்லை. அவருக்கான பஸ் கட்டணத்தையும் அன்றைய தையல் கூலியையும் யார் தருவது என்பதை அடுத்த கூட்டத்தில் தனித் தீர்மானமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.